கொடியும் பாட்டும்

கேள்வி: கடற்படையில் கொடி, தோள்சின்னம், பதவிப் பெயர் என்று ஒவ்வொன்றாக மாற்றுகிறார்களே, அதனால் கப்பல் வேகமாகப் போய்விடுமா?
(ஒரு வாசகர், டெய்ரி ஃபார்ம், அந்தமான்)

பதில்: கப்பல் அதே வேகத்தில்தான் போகும். கொடிக்கு வணக்கம் வைக்கும் மாலுமியின் நெஞ்சு கூடுதலாக நிமிரும். குடியரசான பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் நம் போர்க்கப்பல்களில் செயின்ட் ஜார்ஜின் சிவப்புச் சிலுவை பறந்தது. 2001இல் எடுத்தார்கள். புதுக்கொடியின் நீலம் வானோடும் கடலோடும் கலந்து கண்ணுக்குத் தெரியவில்லை என்றதும் 2004இல் சிலுவை திரும்பியது! 2022 செப்டம்பர் 2 அன்று, கொச்சியில் விக்ராந்த் போர்க்கப்பல் படையில் சேர்ந்த நாளில்தான் அது இறங்கியது. அந்த இடத்தில் சிவாஜியின் முத்திரையை ஒட்டிய எண்கோணம். அதனுள் இருக்கும், வருணனை வேண்டும் வேத வாசகத்தைப் பரிந்துரைத்தவர் நம் ராஜாஜி.

பதவிப் பெயர்களும் இந்திய மரபுக்கு மாறும் என்று 2023 டிசம்பரில் சிந்துதுர்க்கில் பிரதமர் அறிவித்தார். மாறட்டும். சோழர் கலம் செலுத்திய கடலில் சொல்லுக்கா பஞ்சம்? தமிழ்க் கட்டுமரத்தை ஆங்கிலேயனே கடன் வாங்கிப் போனானே.

பாட்டை மாற்றியதில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. பாசறை திரும்பும் விழாவில் ஒலித்த ‘அபைட் வித் மீ’ என்ற ஆங்கிலத் துதிப்பாடலை 2022இல் நிறுத்தினார்கள். அது காந்தியடிகளுக்குப் பிடித்த பாடல். திணித்ததைக் கழற்றலாம், நேசித்ததை ஏன் கழற்ற வேண்டும்?

1789இல் அந்தமானுக்கு வந்த கம்பெனிக் கடற்படை அதிகாரி பிளேரின் பெயர் 2024இல் உங்கள் போர்ட் பிளேர் நகரைவிட்டுப் போயிற்று. ‘டெய்ரி ஃபார்ம்’ மட்டும் அப்படியே இருக்கிறது. ‘பால்பண்ணை’ என்று எழுதிப் பாருங்கள், கடிதம் வந்து சேர்கிறதா என்று நானும் பார்க்கிறேன்.