எண்ணெயும் தண்டுவடமும்

கேள்வி: தென்னையிலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்ட என் தம்பிக்கு இரு கால்களிலும் உணர்ச்சி இல்லை. கருஞ்சீரக எண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்தால் நடப்பான் என்கிறார்களே, மெய்யா? (ஒரு சகோதரி, கும்பகோணம்)

பதில்: மெய்யின் ஒரு துளி அதில் இருக்கிறது, சகோதரி. அடிபட்ட கணத்தோடு நில்லாமல், அதன்பின் நாட்கணக்கில் வீக்கமும் ரசாயன விஷங்களும் எஞ்சிய நரம்புகளையும் அரித்துத் தின்னும் அந்த இரண்டாம் சேதத்தை, கருஞ்சீரக எண்ணெய் எலிகளிடத்தே ஓரளவு தணித்ததாகத் துருக்கி நாட்டு ஆய்வாளர்கள் 2006-இல் எழுதினார்கள். ஆனால் எலிக்கு உதவியது என்பதாலேயே மனிதனுக்கும் உதவும் என்று நிரூபணமாகிவிடாது. அன்றியும், எலும்புக் கோட்டைக்குள்ளே, மூன்று உறைகளைப் போர்த்துக்கொண்டு, சுண்டுவிரல் பருமனில் ஒடுங்கியிருக்கும் தண்டுவடத்திடம் முதுகில் தேய்க்கும் எண்ணெய் விலாசம் விசாரித்துக்கொண்டு போய்ச் சேராது.

என் கவலை அந்தச் சூட்டைப் பற்றியது. உணர்ச்சியற்ற கால் "சுடுகிறது" என்று முறையிடாது. தோல் வெந்து கொப்புளம் எழும்பிய பின்பே கண் அதைக் காணும், புண்ணோ லேசில் ஆறாது. எண்ணெயைச் சுடவைக்காமல் தேய்த்துவிடுங்கள், அந்த அன்பை நான் தடுக்கவில்லை. ஆனால் படுக்கைப்புண் வராதிருக்க, இரண்டு மணி நேரத்துக்கொருமுறை அவனைப் புரட்டிப் படுக்கவைத்து, குதிகாலையும் இடுப்பின் பின்புறத்தையும் தினம் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்திருந்தால் அன்றே வைத்தியரிடம் சொல்லுங்கள்.