பிடித்துத் தள்ளல்: ஒரு புணர்ச்சியியல் ஆய்வு

இரு சொற்கள் சேரும்போது தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் விகாரங்கள் நிகழும் என்பதைப் பள்ளியில் பிரம்படியோடு படித்தோம். இரு தாக்குதல்கள் சேர்ந்தால் என்ன நிகழும் என்பதை எந்த இலக்கணியும் சொல்லாமல் போனார். அக்குறை இன்றோடு தீர்ந்தது.

மூலநூல், கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் உருவாக்கி 1974-இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும், மேசையில் பகடை உருட்டி ஆடும் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு, 2014. மூன்றாம் பதிப்பை ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. அதன் மல்லுக்கட்டு விதிகளைப் புரிந்துகொள்வதற்குள் ஆறிப்போன தேநீருக்குக் கணக்கில்லை.

ஒரு சுற்று 6 விநாடி. ஐந்தாம் நிலையை எட்டிய வீரன் அதற்குள் இருமுறை தாக்கலாம். வெட்டுவதற்குப் பதில் ஒருமுறை எதிரியைப் பிடித்து, மறுமுறை கீழே தள்ளுகிறான் என்று கொள்வோம். பிடித்தல் நிலைமொழி, தள்ளல் வருமொழி.

முதலில் கெடுவது வேகம். பிடிபட்டவனின் வேகம் 0. விழுந்தவன் எழுவதற்கோ தன் வேகத்தில் பாதியைச் செலவிட வேண்டும். 'பூச்சியத்தில் பாதி பூச்சியம்தானே, இந்தா பிடி' என்று எழப் பார்க்கும் கணக்குப்புலி ஒருவர் எல்லா மேசையிலும் இருப்பார். வேகம் 0 என்றால் எழவே முடியாது என்று நூலே அவர் வாயை அடைத்துவிட்டது. அடுத்து, 5 அடிக்குள் நின்று வெட்டுபவருக்கு இரண்டாவதாக ஒரு 20 முகப் பகடை தோன்றும். இரண்டில் பெரிய எண் அவருக்கு. தள்ளி நிற்கும் வில்லாளிக்கும் அதே பகடை வரும், ஆனால் திரிந்து வரும். சிறிய எண்தான் அவருக்கு. வீரன் எதிரியைச் சாய்த்ததும் மேசையின் மறுகோடியில் வில்லாளி பல்லைக் கடிப்பது இவ்விகாரத்தால்தான்.

இனி, எது முதலில்? இரண்டும் பலித்தால் விளைவு ஒன்றே. தள்ளிவிட்டுப் பிடிக்கத் தவறினால், எதிரி பாதி வேகத்தைக் கொடுத்து எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு அடிக்க வருவான். பிடித்துவிட்டுத் தள்ளத் தவறினாலோ குடுமியாவது கையில் மிஞ்சும். ஆதலால் பிடித்தலே நிலைமொழி என்பது எம் துணிபு.

புறனடைகள் சில. பிடிக்க ஒரு கை வெறுங்கையாக வேண்டும். இரு கையிலும் வாளோடு திரிபவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தன்னைவிட உருவத்தில் ஒரு படிவரை பெரியதைப் பிடிக்கலாம். எனவே மனிதனுக்குக் குதிரை அகப்படும், யானை அகப்படாது.

கடைசியாக, ஆய்வாளனின் தூக்கத்தைக் கெடுத்த சிக்கல். கெலட்டினஸ் கியூப் என்னும் கூழ்க்கட்டியைச் சாய்க்க இயலாது என்று நூல் விலக்கு அளித்திருக்கிறது. பெரிய நச்சுப்பாம்புக்கு அவ்விலக்கு இல்லை. ஆகவே விதிப்படி பாம்பையும் கீழே தள்ளலாம். எங்கிருந்து எங்கே என்று கேட்டால், மல்லாத்துவதைத்தான் நூல் குறிக்கிறது என்று மழுப்பலாம். பிடியை விட்டதும் அந்தப் பாம்பு பாதி வேகத்தைச் செலவிட்டு முறைப்படி எழுகிறது. எழுந்த பிறகும் தரையில்தான் கிடக்கிறது.