மலைக்கோட்டை யார் பக்கம்?

கேள்வி: ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4’ போன்ற கணினி ஆட்டங்களில் எல்லா நாட்டுக்கும் சமபலம் தர வேண்டுமா, வரலாற்றில் இருந்தபடியே விட வேண்டுமா? நண்பர்களுக்குள் தினமும் தகராறு!
– ஒரு வாசகர், நாகல்நகர், திண்டுக்கல்

பதில்: அண்ணாந்து உங்கள் ஊர் மலைக்கோட்டையைப் பாருங்கள், பாதித் தகராறு தீரும். 1755இல் ஹைதர் அலி அங்கே பௌஜ்தாராக (படைப் பொறுப்பாளராக) வந்தபோது மைசூரின் படைத்தலைவர்களில் ஒருவர், அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரர் துணையோடு திண்டுக்கல்லில் ஆயுதச்சாலை அமைத்தார். 1761இல் மைசூரே அவர் கையில்! ‘பலவீன நாடு’ என்று மைசூருக்கு நிரந்தர முத்திரை குத்தும் ஆட்டம், 1780இல் பொள்ளிலூரில் மைசூரிடம் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை நொறுங்கியதை எந்தக் கணக்கில் எழுதும்?

அதற்காகச் சமபலமும் வேண்டாம். எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி என்றால் திண்டுக்கல்காரர் ஒப்புவாரா? கம்பெனிக்குக் கடல், மைசூருக்குக் குதிரைப்படையும் ராக்கெட்டும் என்று தொடக்கம் உண்மையாக இருக்கட்டும்; பிறகு ஆடுபவர் பாடு. விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கரையும், அந்தப் பக்கம் அடைக்கலம் இருந்து சிவகங்கையை மீட்ட வேலு நாச்சியாரையும் ஒரே நிறம் பூசி மறைத்துவிடுகிற வரைபடத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியாது.

1790இல் உங்கள் மலைக்கோட்டை கம்பெனியிடம் போனது. மைசூராக ஆடி அதைக் காப்பாற்றினால் அவசியம் எழுதுங்கள்.