லேப்டாப்புக்கு என்ன படையல்?

கேள்வி: அரசு கொடுத்த பழைய லேப்டாப் பரணில் தூங்குகிறது. லினக்ஸ் போடலாமா, ஃப்ரீபிஎஸ்டி போடலாமா? இரண்டும் இலவசம்தானே?
– கல்லூரி மாணவர், விராலிமலை

பதில்: 2011-ல் தொடங்கிய திட்டத்து லேப்டாப்பா? அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் கொடுத்தார்கள். சினிமா பார்க்கிற அவசரத்தில் பலர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அந்த பாஸுக்கு மூலம் டெபியன். டெபியன் கிடங்கில் 60,000-க்கு மேல் மென்பொருள் பொதிகள். ஃப்ரீபிஎஸ்டியில் 30,000-க்கு மேல். உங்களுக்கு வேண்டியது பத்தோ பதினைந்தோ, அது இரண்டிலும் கிடைக்கும்.

வம்பெல்லாம் வைஃபையில். டெபியன் லைவைப் பென்டிரைவில் ஓட்டி, டெர்மினலில் ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையைத் தட்டினால் வைஃபை சில்லின் பெயர் தெரியும். முருகனுக்கே சுருட்டு படைக்கும் ஊர்க்காரர் நீங்கள், லேப்டாப் கேட்டதைக் கொடுக்கத் தெரியாதா? ஃப்ரீபிஎஸ்டியின் வன்பொருள் பட்டியலில் அந்தப் பெயர் இல்லையென்றால் பேசாமல் டெபியன் போடுங்கள். அடம்பிடித்தால் வீடு முழுக்க லேன் கேபிள் இழுக்க வேண்டிவரும்.