எங்க வளர்ப்பு அப்படி!

பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். கேசரி வந்தாயிற்று, பஜ்ஜி வந்துகொண்டிருக்கிறது. பெண்ணின் அம்மா நற்சான்றிதழ் வாசிக்கத் தொடங்குகிறார்: "எங்க பொண்ணு அதிர்ந்து பேச மாட்டா. நாங்க கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டா. எங்க வளர்ப்பு அப்படி." பையனின் அம்மா சும்மா இருப்பாரா? "எங்க பையனும் அப்படித்தாங்க. அவனுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. எல்லாம் நான்தான் பார்த்துப்பேன்." இரு தரப்புக்கும் பரம திருப்தி. ஒருத்திக்கு வாய் கிடையாது, ஒருவனுக்குக் கை கிடையாது. ஜோசியர் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று சொன்னது இதைத்தான் போலிருக்கிறது.

பையன் பி.இ. படித்தவன். ஓஎம்ஆரில் பெரிய கம்பெனி. பத்துப் பேரை மேய்க்கிறான். வெந்நீர் வைக்கத் தெரியாது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மூன்றாவது பஜ்ஜியை எடுக்கிறார். அவருக்கும் தெரியாது. பரம்பரைச் சொத்து, பங்கு பிரிக்காமல் அப்படியே மகனுக்கு வந்திருக்கிறது.

இந்த அறியாமை சும்மா வந்துவிடுவதில்லை. இருபது வருடம் பாடுபட்டுக் கற்றுத் தருகிறோம். ராத்திரி எட்டரை மணிக்கு நம் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தைப் பாருங்கள். பத்து வயதுப் பையன் சாப்பிட்டுவிட்டு, தெரியாத்தனமாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போகிறான். பாட்டி பதறுகிறார்: "வச்சுட்டுப் போடா ராஜா, அக்கா எடுத்துப்பா." அக்காவுக்குப் பதின்மூன்று வயது, நாளைக்குக் கணக்குப் பரீட்சை. அவள் எழுந்து தம்பியின் எச்சில் தட்டை எடுக்கிறாள். யாரும் யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை. அன்பான குடும்பம்தான். ஆனால் அந்த அரை நிமிடத்தில் இரண்டு பேருக்கும் கல்யாணப் பாடம் முழுசாக நடந்து முடிந்துவிட்டது.

அந்தப் பாடத்துக்கு அரசாங்கமே மதிப்பெண் போட்டிருக்கிறது. ஒன்றிய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்குச் செலவிடுவது 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். அதுவும் வீட்டு வேலை செய்தவர்களை மட்டும் வைத்துப் போட்ட சராசரி. துரும்பைக்கூட அசைக்காத துரைமார்கள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

பெண் பிள்ளைக்குப் பாடத்திட்டம் வேறு. "இன்னொரு வீட்டுக்குப் போறவ" என்று ஐந்து வயதிலேயே அவள் காதில் ஓதிவிடுகிறோம். பிறந்த வீட்டில் விருந்தாளி, புகுந்த வீட்டில் வேலையாள். சொந்த வீடு என்று அவள் சொல்லிக்கொள்ள இடமே இல்லாதபடி பார்த்துக்கொள்கிறோம். டியூஷனுக்குப் போனால் காவலுக்குத் தம்பி. அவளைவிட மூன்று வயது சின்னவன், மூக்கு ஒழுகுகிறவன், ஆனாலும் ஆம்பளை. பிறகு கல்லூரி. ஆண்கள் ஏற ஒரு படிக்கட்டு, பெண்கள் ஏற ஒரு படிக்கட்டு, பஸ்ஸில் முன்னால் பெண்கள், பின்னால் ஆண்கள், பேசிச் சிரித்தால் அபராதம் என்று நடத்துகிற கல்லூரியாகத் தேடிப் பிடித்து, லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிச் சேர்க்கிறோம். "அங்க டிசிப்ளின் நல்லா இருக்குங்க." மத்திய சிறையிலும் நன்றாகத்தான் இருக்கிறது. அங்கே கட்டணம் வாங்குவதில்லை.

இருபத்து நான்கு வயது வரை ஓர் ஆணோடு பேசினாலே அவள் கெட்டவள். இருபத்தைந்தில் முன்பின் தெரியாத ஒருவனோடு ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்துகிறோம். மூன்றாம் மாதத்திலிருந்து "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று போன் போட்டுக் கேட்கிறோம். அந்த ஒரு ராத்திரிக்குள் அவள் எப்படி மாறுவாள் என்று நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. நம் வளர்ப்பின் மேல் நமக்கு அவ்வளவு நம்பிக்கை.

காதல் என்றால் என்னவென்று வீட்டில் யாரும் சொல்லித் தருவதில்லை. டிவியில் ஒருவன் ஒருத்தியை முத்தமிடப் போனால் அப்பாவின் கை தானாக ரிமோட்டுக்குப் போகும். அடுத்த சேனலில் ஒருவன் தலையை இன்னொருவன் அரிவாளால் எடுக்கிறான். அதைக் குடும்பத்தோடு, முறுக்குக் கடித்துக்கொண்டு பார்க்கலாம். அப்பா அம்மாவை அறைந்ததைப் பார்த்த பிள்ளைகள் நம் ஊரில் ஏராளம். அப்பா அம்மாவிடம் "தப்பு என் மேலதான்" என்று சொன்னதைக் கேட்ட பிள்ளைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வீடு கைவிட்ட பாடத்தைச் சினிமா எடுத்துக்கொண்டது. வேண்டாம் என்கிறவள் பின்னாலேயே அலைந்தால் இடைவேளைக்குள் சரி என்பாள் என்று அது பல தலைமுறைகளாகச் சொல்லிக் கொடுத்து வருகிறது.

2022 அக்டோபரில், மறுத்துவிட்ட ஒரு கல்லூரி மாணவியைச் சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில், வந்துகொண்டிருந்த ரயிலின் முன் தள்ளிக் கொன்றான் ஓர் இளைஞன். அவன் வீட்டில் என்ன சொல்லி வளர்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் மற்ற வீடுகளில் என்ன சொல்கிறார்கள் என்று நமக்கெல்லாம் தெரியும்: "அந்தப் பொண்ணு மொதல்லயே பழகாம இருந்திருக்கணும்." பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மகன் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

அடுத்தது, "நாங்க சாதியெல்லாம் பார்க்கிறதில்லைங்க." உண்மை. வேலைக்காரம்மாவுக்குத் தனி டம்ளர் வைப்பது சுத்தத்துக்காக. அவர் கொல்லைப்புறமாக வருவது வசதிக்காக. திருமண இணையதளத்தில் சாதி, உட்பிரிவு, கோத்திரம் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுப்பது பழக்கதோஷம். பிள்ளைகள் எங்கே வேண்டுமானாலும் படிக்கலாம், யாருடன் வேண்டுமானாலும் பிரியாணி சாப்பிடலாம். கல்யாணம் என்று வந்துவிட்டால் மட்டும் நம் சுதந்திரச் சிந்தனைக்கு நெஞ்சுவலி வந்துவிடும். அப்பா ஆஸ்பத்திரியில் படுத்துக்கொள்வார். அம்மா பூச்சிமருந்து பாட்டிலை மேஜை மேல் வைப்பார். "எங்களைக் கொன்னுட்டு அவனைக் கட்டிக்கோ." பத்து மாதம் சுமந்ததற்கு வட்டியும் முதலுமாக அன்று கணக்குத் தீர்க்கப்படும்.

எல்லா வீடுகளும் பாட்டிலை மேஜையோடு நிறுத்திக்கொள்வதில்லை. 2003-இல் விருத்தாசலம் பக்கத்தில், பதிவுத் திருமணம் செய்துகொண்ட பட்டியல் சாதி இளைஞனுக்கும் அவன் மனைவிக்கும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். செய்தது பெண்ணின் சொந்த ரத்தம். கடலூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு 2021-இல் வந்தது. 2012 நவம்பரில் ஒரு காதல் கல்யாணத்தைக் காரணம் காட்டித் தருமபுரி மாவட்டத்தில் 200-க்கும் மேற்பட்ட தலித் வீடுகளைக் கொளுத்தினார்கள். 2016 மார்ச் 13 அன்று, உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில் கணவனையும் மனைவியையும் வெட்டினார்கள். கணவன் செத்தான். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நாடே பார்த்தது. பார்த்துவிட்டுச் சிலர் "பெத்தவங்க வயித்தெரிச்சல்" என்றார்கள். இப்படிச் சொன்னவர்களும் வீட்டுக்குப் போய்ப் பிள்ளை வளர்க்கத்தான் போகிறார்கள்.

சட்டத்தைக் குறை சொல்லித் தப்பிக்கவும் முடியாது. புரோகிதர் இல்லாமல், உற்றார் நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் அல்லது தாலி கட்டிவிட்டால் கல்யாணம் செல்லும் என்று 1967-லேயே அண்ணா அரசு சட்டம் போட்டது. வயதுவந்த இருவர் ஒப்பினால் போதும், குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டமன்றம் ஒப்புக்கொண்டது, உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. பெரியப்பா ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் நடக்காது.

இத்தனையையும் செய்துவிட்டு, பண்டிகை நாளில் டிவி முன் உட்கார்ந்து பட்டிமன்றம் பார்க்கிறோம். இன்றைய இளைஞர்களின் மணவாழ்க்கை முறியக் காரணம் செல்போனா, சம்பளமா? பெண்டாட்டிக்குப் பயப்படும் புருஷன் ஜோக் ஒன்று, மாமியார் ஜோக் இரண்டு. கைதட்டல். "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமையே இல்லை" என்று நடுவர் வருந்துகிறார். குடும்பநல நீதிமன்றத்துக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். முப்பது வயது மகன், அவனுக்குப் பதில் பேச அம்மா. இருபத்தெட்டு வயது மகள், அவளுக்குப் பதில் பேச மாமா. எந்தப் படிப்பு, எந்தச் சட்டை, எந்த வேலை, எந்தத் துணை என்று எதையும் தானாக முடிவெடுக்க விடாமல் வளர்த்த பிள்ளை, முதன்முதலாகத் தன் இஷ்டத்துக்குக் கையெழுத்துப் போடுவது விவாகரத்து மனுவில். அதையும் "செல்லம் கொடுத்துக் கெட்டுப்போச்சு" என்கிறோம்.

விவாகரத்து வரை போகிறவள் பிழைத்துக்கொள்வாள். போகாதவளைப் பற்றித்தான் பேச வேண்டும்.

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இல் வந்தது. அதனால் இப்போது யாரும் கேட்பதில்லை. "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாங்க, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்பார்கள். பெண் வீட்டார் எத்தனை பவுன், என்ன கார் என்று எடுத்துச் சொல்வார்கள். பையன்? சமூக வலைத்தளத்தில் உலக நியாயமெல்லாம் பேசுகிறவன், இந்த ஓர் இடத்தில் மட்டும் பெரியவர்களுக்குக் கட்டுப்பட்டவன். "அதெல்லாம் அம்மா அப்பா பார்த்துப்பாங்க." வளர்ப்பு அப்படி.

ஆறு மாதம் கழித்து அந்தப் பெண் அம்மாவுக்குப் போன் செய்கிறாள். குரல் சரியில்லை. கார் பத்தாதாம். நேற்று ராத்திரி கையை ஓங்கினான். பிறந்த வீட்டில் கூடிப் பேசுகிறார்கள். தங்கைக்கு வரன் பார்க்க வேண்டும், ஊர் என்ன சொல்லும். முடிவு போனில் போகிறது: "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா. எல்லா வீட்லயும் இருக்கிறதுதான்." அவளும் பண்ணிக்கொள்கிறாள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஏதாவது ஒரு காரணத்துக்காகப் புருஷன் பெண்டாட்டியை அடிப்பது நியாயம்தான் என்று சொன்ன பெண்கள் 45 சதவீதம், ஆண்கள் 44 சதவீதம். அடிக்கிற கூட்டத்தைவிட அடி வாங்குகிற கூட்டம் ஒரு சதவீதம் கூடுதலாக ஒப்புக்கொள்கிறது. இதைவிட வெற்றிகரமான வளர்ப்பு உலகத்தில் எங்கே உண்டு?

கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் பெண் சந்தேகப்படும்படி இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை நடக்கும். வாக்குமூலம் கொடுத்துவிட்டு வெளியே வரும் பெற்றோர், மைக் நீட்டுகிறவர்களிடம் அழுதபடி சொல்கிறார்கள்: "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கூட்டிட்டு வந்திருப்போமே."

சொன்னாள். நீங்கள்தான் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளச் சொன்னீர்கள்.