சிவப்பு நட்சத்திரம்

அனுப்புநர்:
மனு எழுதுபவர்,
தாலுகா அலுவலக வாசல் (முன்பு வேப்பமரத்தடி, இப்போது எதிரே கம்ப்யூட்டர் கடை),
தென்காசிப் பக்கம்.

பெறுநர்:
இணையப் படிவங்களுக்குக் கட்டம் வைக்கும் உயர்திரு அதிகாரி அவர்கள்,
(துறை: பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கவும்).

பொருள்: தங்கள் படிவத்துக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.
பார்வை: ஓர் ஆச்சியின் உதவித்தொகை விண்ணப்பம். நிலை: நிராகரிக்கப்பட்டது.

ஐயா,

வணக்கம். முப்பது வருஷமாக மனு எழுதிப் பிழைக்கிறேன். மரத்தடியில் பேனா பிடித்த காலத்தில் ஒரு மனுவுக்கு அரை மணி நேரம் ஆகும். தாங்கள் எல்லாவற்றையும் ஆன்லைனில் எளிமையாக்கிய பிறகு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. கட்டணத்தையும் அதற்கேற்பக் கூட்டிக்கொண்டேன். என் கடைக்கு ஏசி போட்டுக் கொடுத்தது தாங்கள்தான். முதல் நன்றி அதற்கு.

போன மாதம் ஓர் ஆச்சி வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் ஆதார், ரேஷன் கார்டு. படிவத்தைத் திறந்தேன். முதல் கட்டம் முதல் பெயர், எழுதியாயிற்று. அடுத்தது கடைசிப் பெயர். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், அதாவது கட்டாயம்.

“கடைசிப் பேரு என்ன ஆச்சி?”

“கடைசிப் பேரா? எனக்கு முதப் பேரு ஒண்ணுதான் தம்பி இருக்கு.”

இனிஷியலைப் போட்டேன். குறைந்தது மூன்று எழுத்து வேண்டுமாம். சரி, வீட்டுக்காரர் பெயரை முழுசாகப் போடலாம் என்று கேட்டேன். ஆச்சி காலத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். “திருச்செந்தூர்ல நிக்காருல்லா, அவரு பேரு” என்றார். முருகனா, வேலாயுதமா, சண்முகமா என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, ஆறாவது பெயருக்கு வெட்கப்பட்டுத் தலையாட்டினார். தங்கள் படிவத்தில் அன்று ஒழுங்காக வேலை செய்த ஒரே தேர்வுப் பட்டியல் அதுதான்.

பிறந்த தேதிக்குக் காலண்டர் வைத்திருக்கிறீர்கள். அது இந்த மாதத்தில் திறந்தது. ஆதாரில் ஆச்சிக்குப் பிறந்த ஆண்டு மட்டும் இருக்கிறது: 1957. தேதி தெரியாதவர்களுக்கு அப்படித்தான் பதிந்திருக்கிறார்கள். நேராக ஆண்டைத் தட்டச்சு செய்யலாம் என்றால் கட்டத்தைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். அம்புக்குறியை ஒருமுறை தட்டினால் ஒரு மாதம் பின்னே போகும். 1957-க்குப் போக 800 தட்டுக்கு மேல்.

தட்டினேன். ஆச்சிக்கோ ஊர்வலம் பார்ப்பதுபோல் இருந்தது. 2004 டிசம்பர் வந்ததும், “சுனாமி” என்றார். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆருக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். 1964 டிசம்பரில் தனுஷ்கோடிப் புயலைச் சொல்லி உச்சுக்கொட்டினார். ஒருவழியாக 1957-க்கு வந்து சேர்ந்தோம்.

“மாசம், தேதி தெரியுமா ஆச்சி?”

“அதெல்லாம் யாரு எழுதி வச்சா? கார்த்திகை நட்சத்திரம்னு எங்கம்மா சொல்லுவா.”

தங்கள் படிவத்துக்குத் தெரிந்த நட்சத்திரம் சிவப்பு ஒன்றுதான். ஜனவரி 1 என்று போட்டேன். தேதி தெரியாமல் என் கடைக்கு வருகிற எல்லாருக்கும் அந்தத் தேதிதான். ஜனவரி 1-இல் பிறந்தவர்களை மட்டும் கூட்டினாலே எங்கள் ஊர்த் தேரை இழுத்துவிடலாம். அந்தக் காலத்தில் ஹெட்மாஸ்டர்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஜூன் மாதத்துப் பிறந்தநாள் கொடுத்தார்கள். அவர்களாவது கையைத் தலைக்கு மேலே சுற்றிக் காதைத் தொடச் சொல்லிப் பார்த்தார்கள்.

மாவட்டத்துக்கு டிராப்டவுன். 2020-இல் மயிலாடுதுறை வந்து 38 ஆன பட்டியல். தமிழில் கேட்கும் கேள்விக்கு ஆங்கில அகரவரிசையில் பதில். ‘திரு’ என்று தொடங்கும் ஏழு மாவட்டங்களில் எதற்கு எச் உண்டு, எதற்கு இல்லை என்று கண்டுபிடிப்பவருக்குத் தனியாக ஓர் உதவித்தொகை தரலாம். பிறந்த மாவட்டம் என்று இன்னொரு கட்டம். தென்காசி 2019-இல்தான் மாவட்டமானது. ஆச்சி பிறந்தபோது அது திருநெல்வேலி. எது சரி என்று பட்டியல் சொல்லவில்லை. எதையும் தொடாமல் விட்டால் முதல் வரியில் இருக்கும் அரியலூர் தானாகப் பதிந்துவிடும். மறதிக்காரர்கள் எல்லாரையும் அரியலூருக்குக் குடியேற்றியிருக்கிறீர்கள். அந்த மாவட்டத்து மக்கள்தொகையைப் பார்த்து யாராவது அங்கே கூடுதலாக ரேஷன் கடை திறந்துவிடப் போகிறார்கள்.

கதவு எண் 4/112ஏ. எண் மட்டுமே ஏற்கும் கட்டம் என்பதால் சாய்கோட்டையும் எழுத்தையும் விழுங்கிவிட்டு 4112 என்றது. நாற்பது வீடுள்ள தெருவில் விசாரணைக்கு வருபவர் 4112-ஆவது வீட்டைத் தேடட்டும். கடை போனுக்கு 04633 என்று தொடங்கினேன். முன்னால் இருந்த பூஜ்யம் காணாமல் போனது. ஆண்டு வருமானம் 72000 என்று அடித்துவிட்டுப் பக்கத்தைக் கீழே நகர்த்த மவுஸ் சக்கரத்தை உருட்டினேன். வருமானம் 71997 ஆகிவிட்டது. உட்கார்ந்த இடத்தில் ஆச்சி மூன்று ரூபாய் ஏழையானார்.

அடுத்து, “சொந்த நிலம் உள்ளதா?” என்று ஒரு செக்பாக்ஸ்.

“அம்பது சென்ட் இருக்கு தம்பி. பட்டா மாமனாரு பேர்ல. அவரு போயி இருவது வருசமாச்சு. கொழுந்தன்மாரு நாலு பேரு. வெதைக்கது நான், அறுக்கது அவங்க.”

டிக் போட்டால் நிலச்சுவான்தார். போடாவிட்டால் பொய். அது மட்டுமா? டிக் போடாத கட்டத்துக்கு ‘இல்லை’ என்று அர்த்தமா, ‘கேள்வியைப் பார்க்கவே இல்லை’ என்று அர்த்தமா? தங்கள் டேட்டாபேஸுக்கு இரண்டும் ஒன்றுதான். காகிதப் படிவத்தில் ஓரம் இருந்தது. “பட்டா மாமனார் பெயரில், பாகம் பிரிக்கப்படவில்லை” என்று பக்கவாட்டில் எழுதி ஒரு கோடு இழுத்துவிடுவேன். படித்துவிட்டு வருவாய் ஆய்வாளர் தலையாட்டுவார். தங்கள் திரையில் ஓரமே கிடையாது. பாலினத்துக்கு மூன்றாவது வட்டம் உரிமையாவதற்கு 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ஆச்சியின் அம்பது சென்டுக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

கடைசியில் சப்மிட் பொத்தான். அதை ஒட்டியே அதே நிறத்தில், அதே அளவில் ரீசெட். முதல் தடவை எதை அழுத்தினேன் என்று எழுதி என் மானத்தை வாங்கிக்கொள்ள விரும்பவில்லை. சுனாமி, எம்.ஜி.ஆர்., தனுஷ்கோடி எல்லாரையும் ஆச்சி இரண்டாம் முறையும் பார்த்தார்.

நானும் கொஞ்சம் படித்தவன்தான் ஐயா. இன்ஸ்டிடியூட்டில் மூன்று மாதம் மைக்ரோசாஃப்ட் அக்சஸ் கற்றேன். டெக்ஸ்ட், நம்பர் ஃபீல்டுகளுக்கு டிஸ்ப்ளே கண்ட்ரோல் என்று ஒரு வரி இருக்கும்: டெக்ஸ்ட் பாக்ஸா, லிஸ்ட் பாக்ஸா, காம்போ பாக்ஸா. யெஸ்/நோ ஃபீல்டு என்றால் செக்பாக்ஸ் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்போதும் அதே கதைதான் என்கிறாள் சென்னையில் இந்த வேலை பார்க்கும் என் மகள். “ஜாங்கோ மாதிரி கருவியில டேபிளைக் கொடுத்தாப் போதும்ப்பா, அட்மின் பக்கம் தானா வரும். டேட் ஃபீல்டுக்குக் காலண்டர், இன்னொரு டேபிளோட இணைச்ச ஃபீல்டுக்கு டிராப்டவுன். மாத்தணும்னா மாத்தலாம். மாத்தச் சொல்லி யாரும் கேக்கதில்ல.”

இதோ, நான் கேட்கிறேன். டேபிளுக்கு எது வசதி என்று பார்த்துக் கட்டம் வைத்த தாங்கள், எதிரே உட்கார்ந்திருப்பவர் கையில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வைக்க வேண்டுகிறேன்:

1. பிறந்த தேதிக்கு நாள், மாதம், ஆண்டு தட்டச்சு செய்ய மூன்று சிறு கட்டங்கள் போதும். ஆண்டு மட்டும் தெரிந்தவருக்கும் வழி விடவும். காலண்டர், அடுத்த வாரம் ரயில் ஏறுபவருக்கு இருக்கட்டும்.

2. மாவட்டத்துக்கு, இரண்டு எழுத்துத் தட்டினால் பெயரை எடுத்துக் கொடுக்கும் பெட்டி. முதல் வரி காலியாக இருக்கட்டும். அரியலூர் பிழைத்துப் போகட்டும்.

3. கதவு எண்ணையும் போன் எண்ணையும் யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை. அவற்றுக்கு எழுத்துப் பெட்டியே போதும். பின்கோடு, கார்டு எண் போன்றவற்றுக்கு நம்பர் கட்டம் கூடாது என்று எச்டிஎம்எல் விதிகளே சொல்கின்றன.

4. ஆம், இல்லை என்ற இரண்டு வட்டத்தோடு, “விவரம்” என்று ஒரு வரி.

5. ரீசெட்டை எடுத்துவிடவும். அதை வேண்டுமென்றே அழுத்தியவரை இத்தனை வருஷத்தில் நான் கண்டதில்லை.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட காரணம்: “பிறந்த தேதி ஆதாருடன் பொருந்தவில்லை.” படிவம் கேட்டதால் நான் இட்டுக்கட்டிய தேதியை, இட்டுக்கட்டியது என்று படிவமே கண்டுபிடித்துவிட்டது. பாராட்டுகள்.

இதைத் தங்கள் புகார்ப் பக்கத்தில் பதிய முயன்றேன். புகார் வகைப் பட்டியலில் ‘படிவம்’ இல்லை. ‘இதர’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் 250 எழுத்துக்கு மேல் போகவில்லை. ஆகவே தபாலில் அனுப்புகிறேன். இன்லேண்டு லெட்டரில் பின்கோடுக்கு ஆறு கட்டம் அச்சடித்திருக்கிறார்கள். ஆறு இலக்கத்துக்கு ஆறு கட்டம். அதை வைத்தவரைத் தங்கள் அலுவலகத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பேசுங்கள்.

இப்படிக்கு,
மனு எழுதுபவர் (கடைசிப் பெயர் இல்லை)

ஆச்சியின் இடது பெருவிரல் ரேகை: ஓரத்தில் காண்க.