சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு ஃபே இளவரசனைக் காதலிப்பது எப்படி?

முதலில் புத்தகம் வீட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். ஃபே என்கிற மாய இனத்தைப் பற்றி சாரா ஜே. மாஸ் எழுதிய ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’ 2015-இல் வந்தது. 2021-க்குள் அந்த வரிசையில் 5 புத்தகங்கள் ஆகிவிட்டன. இரண்டாவதே 600 பக்கத்துக்கு மேல். இந்தக் கனம் உங்களுக்குச் சாதகம். அவ்வளவு தடியான எதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும் பிள்ளை குரூப் தேர்வுக்குப் படிக்கிறது என்றுதான் வீட்டில் எடுத்துக்கொள்வார்கள். அப்பா நேரடியாகக் கேட்டுவிட்டால், “ஹாரி பாட்டர் போட்ட ப்ளூம்ஸ்பரி கம்பெனி புக்குப்பா” என்று சொல்லுங்கள். நூற்றுக்கு நூறு உண்மை. அதற்கு மேல் உண்மை பேச அவசியமில்லை.

படிக்கும் இடம் தறிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். விசைத்தறி ஓடும்போது நீங்கள் சிரித்தாலும் விம்மினாலும் ஒருவர் காதிலும் விழாது. ஆனால் கரண்டு எந்த நேரமும் போகும். தறி சட்டென்று நின்ற அந்த நொடியில் “ஐயோ ரைஸாண்ட்!” என்று நாயகனுக்காக நீங்கள் அலறிய குரல் தெருமுனை வரை கேட்டிருக்கும். அழுகிற பக்கங்களை மின்தடை அறிவிப்பு பார்த்துத் திட்டமிடுங்கள். இரண்டாம் புத்தகத்தின் 55-ஆம் அத்தியாயத்தை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் பொதிகை எக்ஸ்பிரஸில், பக்கத்து சீட்டு மாமா தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிற தூரத்தில் வைத்துப் படிக்காதீர்கள். படித்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது அம்மா. ஆள் யார் என்று கேட்பார். பேர் ரைஸாண்ட், ராத்திரி அரசவைக்குத் தலைவன், வெலாரிஸ் என்ற நகரில் சொந்த வீடு, கறுத்த முடி என்று நிதானமாக ஆரம்பியுங்கள். முதுகில் வௌவால் சிறகு உண்டு என்பதை இரண்டாம் சந்திப்புக்குத் தள்ளிப் போடலாம். வயசு 500-க்கு மேல், கதையில் வரும் பெண்ணுக்கு 19 என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். ஜாதகம் பார்த்தாகிவிட்டதா என்றால், அவர்கள் உலகத்தில் பொருத்தம் தானாகவே நெஞ்சுக்குள் இழுக்குமாம், தரகர் கமிஷன் கிடையாது என்று சொல்லுங்கள். இந்த ஒரு அம்சம் அம்மாவுக்குப் பிடிக்கும்.

ஆச்சியை ஏமாற்ற முடியாது. ஏமாற்றவும் வேண்டாம், வீட்டில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய, விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ராத்திரி பிரியாணிப் பொட்டலம் வாங்கி வந்தால் கரித்துண்டும் இரும்பாணியும் கூடப் போட்டாயா என்று கேட்கிறவரிடம் போய், மனுஷர் அல்லாத ஃபே இனம் ஒன்று ஒரு மந்திரச் சுவருக்கு அந்தப் பக்கம் வாழ்கிறது என்று விளக்க என்ன இருக்கிறது? ஒரே சங்கடம், இந்தக் கதையில் இரும்பு செல்லாது. ஃபேக்களுக்கு இரும்பு ஆகாது என்பது மனிதர்களாகக் கட்டிவிட்ட கதையாம். ஆஷ் என்ற மரத்தில் செய்த அம்புக்குத்தான் அஞ்சுவார்கள். ஆச்சி நம்ப மாட்டார். விட்டுவிடுங்கள்.

நாயகி ஃபேய்ராவுக்கு யார் சரி, டாம்லினா ரைஸாண்டா என்று உலகம் முழுக்க வாசகிகள் கட்சி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கட்சிச் சண்டை நம் ஊருக்குப் புதிதல்ல. சிவன்தான் பெரியவர் என்று சங்கனும், திருமால்தான் என்று பதுமனும், இரண்டு நாகராசாக்கள் மோதிக்கொண்ட இடம் இது. கோமதியம்மன் தவமிருந்து சிவனையும் திருமாலையும் ஒரே திருமேனியில் காட்சி தர வைத்து தகராறை முடித்துவைத்தாள். ஆடித்தபசு அன்று ஊரே திரண்டு பார்ப்பது அதைத்தான். டாம்லின் விஷயத்தில் அப்படிச் சமரசத்துக்குப் போகாதீர்கள். அவன் அவளைப் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்லி வீட்டுக்குள் அடைத்தவன். ஆச்சியிடம் இந்த இடத்தைச் சொன்னால் தீர்ப்பு உடனே வரும்: “பூட்டியா வச்சான்? அன்னைக்கே கெளம்பியிருக்கணும்ட்டி அவ.”

என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். சிறகும் அரண்மனையும் எனக்கு இரண்டாம்பட்சம். ஃபேய்ராவுக்குச் சரியாக எழுதப் படிக்க வராது. வேட்டையாடிக் குடும்பத்துக்குச் சோறு போட்டவள், பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை. ரைஸாண்ட் அவளை உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறான், அதுவும் தன்னையே புகழ்கிற வாக்கியங்களாக எழுத வைத்து. அந்தத் தற்பெருமைக்காரனிடம் நான் விழுந்தது அங்கேதான். பொம்பளப் பிள்ளை கதைப் புத்தகம் படித்தால் கெட்டுப்போகும் என்கிற அத்தைகள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும். சித்தியின் டிரங்குப் பெட்டியில் ரமணிசந்திரன் நாவல்கள் சேலைக்கு அடியில் கிடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

விடிய விடியப் படித்துக் கண் சிவந்தால் கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் புற்றுமண் பூசிவிடுவார்கள். பேசாமல் நெற்றியைக் காட்டுங்கள். சங்க காலத்திலும் இதே கதைதான். காதலில் மெலிந்த மகளை முருகன் பிடித்துவிட்டான் என்று தாய் வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துவாள், பாவம் ஓர் ஆட்டின் தலை போகும். நிஜக் காரணம் தோழிக்குத் தெரியும். உங்களுக்கும் அப்படியொரு தோழி வேண்டும். கல்லூரி பஸ்ஸில் தேடுங்கள். முதல் புத்தகத்தை இரவல் கொடுக்கலாம். இரண்டாவதைக் கொடுத்தால் திரும்பி வராது.

நாலாவது புத்தகம் எழுத்தில் சுமார்தான். போர் முடிந்து எல்லோரும் பண்டிகைக்குப் பரிசு வாங்கக் கடை கடையாக அலைகிறார்கள். ஆடித் தள்ளுபடி சமயத்தில் அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட ஏற்றது. ஒரு மலைக் குடில் வரும். அங்கே மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு நாலைந்து பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிடுங்கள்.